மோத்தா சகோதரிகளின் ஒரு குரல்

காற்று ஓயாத ஊரில் பிறந்தவர்கள் வாயை மூடித்தான் பேச்சை முடிப்பார்கள். மேற்கே போனால் மரம் என்கிற சொல்லை மூக்கால் சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே விட்டுவிடுகிற ஜனங்கள் உண்டு, பள்ளம் என்பதையும் அப்படியே, பழம் என்பதையும் அப்படியே. வெள்ளிமுனையில் அப்படி விட்டால் வாய் நிறைய மணல்தான். அதனால் அந்தக் கடற்கரையில் மரம் என்றால் கடைசியில் இரண்டு உதடும் ஒட்ட வேண்டும், பெட்டியை மூடுவதுபோல 'ம்' என்று மூட வேண்டும், இது யாரும் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிற பழக்கம். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், ஆடிக்காற்று ஒன்று அடித்துப் போனதும் அவர்களும் மூடப் படித்துக்கொள்வார்கள். அந்த 'ம்' இல்லையென்றால் மோத்தா சகோதரிகள் இல்லை, அவர்கள் பாட்டும் இல்லை.

மூத்தவள் டெல்பின், இளையவள் ஜெனோவா. தகப்பன் சில்வேஸ்டர் மோத்தா தோணித் தண்டல், பாய் கட்டிய தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர். தாய் சந்தனமரியாள், எந்த வேலையையும் ஒரு ஜெபத்தோடு தொடங்கி ஒரு ஜெபத்தோடு முடிக்கிறவள், மீன் கழுவும்போதுகூட உதடு அசையும். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஒரு தொண்டைக் காய்ச்சல் ஊருக்குள் வந்து, வீடு வீடாக நுழைந்து, கடைசியில் இந்த வீட்டுக்கும் வந்து, இரண்டு பேருடைய குரலையும் எடுத்துக்கொண்டு போனது. உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சந்தனமரியாள் கடல்காத்த மாதா கோயிலில் போய் முழங்கால் போட்டு, ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, "தாயே, எம்புள்ளையளுக்கு ஒரு நல்ல குரலக் குடு" என்று கேட்டாள். எல்லாத் தாய்மாரும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஒரு நல்ல வழியைக் காட்டு, ஒரு நல்ல வேலையைக் குடு என்று நாம் கேட்பதில்லையா, அந்த 'ஒரு'தான் அது.

மறுநாள் விடியக்காலை டெல்பின் எழுந்து உட்கார்ந்து, "யம்மா, தண்ணி" என்றாள். அது பழைய குரல் இல்லை. தோணியின் பாய் முதல் காற்றை வாங்கி நிமிரும்போது எப்படி ஒரு சத்தம் நிறைவாக எழும்புமோ அப்படி ஒரு குரல். சந்தனமரியாள் சிலுவை போட்டுக்கொண்டு, செம்பை நீட்டி, இளையவளைப் பார்த்து, "இவளுக்கும் தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

"அவளுக்கும் வேணும்" என்று டெல்பின் சொல்லி, ஊர் வழக்கப்படி வாயை மூடினாள்.

"எனக்குச் சுடுதண்ணி" என்றாள் ஜெனோவா, அதே குரலில். டெல்பின் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. குரல் தங்கச்சியிடம் போயிருந்தது.

பொழுது ஏறுவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெண்கள் கையில் இருந்த வேலையோடு வந்து, முறம் வைத்திருந்தவள் முறத்தோடும் பிள்ளை வைத்திருந்தவள் பிள்ளையோடும் நின்று, இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிலோமி மாமிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

"என்னன்னு கேட்ட நீ?"

"எம்புள்ளையளுக்கு ஒரு நல்ல குரலக் குடுன்னு கேட்டேன் மைனி."

"அதான! ஒண்ணு கேட்ட, ஒண்ணு குடுத்துட்டா. மாதா என்ன செய்வா? மீன்கடையில ஒரு கூறு கேட்டா ரெண்டு கூறா வைப்பாவ?"

சந்தனமரியாளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கிருந்து வெள்ளிமுனையில் யாரும் ஜெபத்தில் எண்ணிக்கையை விட்டதில்லை. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு நல்ல மாப்பிள்ளை என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். ஒரு வலைக்காரர், நாலு வலை, நாலிலும் தனித்தனியாக நிறைய மீன் என்று சத்தமாகக் கேட்டு, கோயிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கொழும்பு நடை முடிந்து வந்த சில்வேஸ்டர் மோத்தா, விஷயத்தைக் கேட்டு, சுருட்டைப் பற்றவைத்து, "இதுல என்ன இருக்கு? ஒரு தோணிக்கு ரெண்டு பங்காளி இல்லையா? ஒரு நடை அவ போகட்டும், ஒரு நடை இவ போகட்டும்" என்றார். அதோடு ஆண்கள் பக்கத்துப் பேச்சு முடிந்தது.

விதி என்னவென்று ஊர் மெல்ல மெல்லப் படித்தது. சொல்லின் நடுவில் வருகிற ம-வும் ப-வும் கதவைத் தட்டிவிட்டுப் போகிறவை, அவற்றால் ஒன்றும் ஆகாது. பேச்சு 'ம்' என்று முடிந்தால்தான் கதவு சாத்தும், குரல் மற்றவளிடம் போகும். வேறு எதில் முடித்தாலும், பேசாமல் இருந்தாலும், தூங்கினாலும், வைத்திருப்பவளிடமே இருக்கும். தெருப்பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகிப் போனது. டெல்பின் தண்ணீர்க் குடத்தோடு வரும்போது வழிமறித்து, மேலே கையைக் காட்டி, "அக்கா, அது என்ன?" என்பார்கள். அவள் மறந்துபோய் "வானம்" என்பாள், அந்த நேரம் வீட்டில் ஜெனோவா பாட ஆரம்பித்துவிடுவாள். கொஞ்ச நாளில் டெல்பின் "வானந்தாம்ல" என்று சொல்லப் படித்தாள். பிள்ளைகள் வேறு கேள்வி தேடினார்கள்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இவர்களை எழுப்பி நிறுத்தித்தான் இலக்கணம் நடத்தினார். வந்தேன், தின்றேன், படித்தேன் என்றால் தன்மை ஒருமை, குரல் சொன்னவளிடமே நிற்கும். வந்தோம், தின்றோம், படித்தோம் என்றால் தன்மைப் பன்மை, குரல் பிரிந்து போகும். நான் என்றால் இருக்கும், நாம் என்றால் போகும். அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் வேறு எதை மறந்தாலும் ஒருமை பன்மையை மறக்கவில்லை.

சண்டை போடுவதுதான் கஷ்டம். ஒருத்தி திட்டி முடித்து 'ம்' போட்டால்தான் மற்றவள் திருப்பித் திட்ட முடியும். கோபத்தில் யார் 'ம்' போடுவார்? ஒருமுறை ஒரு ரிப்பன் தகராறில் ஜெனோவா ஒரு வாரத்துக்கு 'ம்' இல்லாமலே பேசினாள், பசிக்கி என்றாள், போறேன் என்றாள், மாட்டேன் என்றாள், டெல்பின் அத்தனை நாளும் கைச்சாடையில் காலத்தை ஓட்டினாள். அந்த ஒரு வாரத்தில் டெல்பினுக்கு ஒன்று விளங்கியது. தனக்குத்தான் அடிக்கடி 'ம்' வருகிறது. மூத்தவள் வாயில் சாப்பிட்டோம், வந்தோம். இளையவள் வாயில் சாப்பிட்டேன், வந்தேன். அவள் இதை யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. அப்போது சொல்லக் குரலும் அவளிடம் இல்லை.

இந்தக் குரலை மேடைக்குக் கொண்டுபோனவர் எட்வின் மாஸ்டர். கப்பலில் வாத்தியம் வாசித்தவர், கொழும்பில் பாப் பாட்டுகளைக் கேட்டு வந்தவர், எலக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் சேர்த்து 'நீலத்திரை' என்று ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தவர். பூப்போட்ட சட்டையும் கருப்புக் கண்ணாடியுமாக வந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, இரண்டு பேரையும் பேச வைத்துக் கேட்டு, "தமிழ்ல பாதிச் சொல்லு 'ம்'முல முடியுது. கடவுள் இந்த மொழியப் பண்ணும்போதே உங்களத்தான் நெனைச்சிருக்காரு" என்றார். எல்லா வரியும் 'ம்'மில் முடிகிற மாதிரி அவரே எழுதி அவரே மெட்டுப் போட்டார்.

தூரத்தில் ஒரு துறைமுகம்,
தூங்காத கப்பல் ஒன்று வரும்,
யாருக்கு அந்தக் கடிதம்,
யாருக்கு இந்த முகம்.

முதல் வரியை டெல்பின் பாடி மூடுவாள், இரண்டாவது வரியை ஜெனோவா எடுப்பாள், மூன்றாவது அக்காள், நாலாவது தங்கை, மேடையின் இடது கோடியிலிருந்து வலது கோடிக்குக் குரல் மட்டும் நடந்துபோகும், ஆள் நடப்பதில்லை. அதிலும் அந்த 'ம்' இருக்கிறதே, அது இவளிடமிருந்து கிளம்பி அவளிடம் போய்ச் சேருகிற கண்ணிமைப்பில் இரண்டு பேருடைய மூடிய வாயிலும் இருந்தது, அங்கே மட்டும் அது ஒரு குரல் இல்லை, இரண்டு. ஜனங்கள் அதற்காகத்தான் வந்தார்கள். கோயில் திருவிழாவில் தொடங்கி, தூத்துக்குடி, மதுரை, மெட்ராஸ் என்று 'மோத்தா சிஸ்டர்ஸ்' போஸ்டர் ஒட்டாத சுவர் இல்லை. கூட்டம் முழுக்கத் தலை இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் திரும்பும், பந்து விளையாட்டுப் பார்க்கிற மாதிரி. கச்சேரி நடக்கிற இடத்திலெல்லாம் ஒரு தைலக்காரன் முன்கூட்டியே வந்து கடை போட்டு, "கழுத்து வலி, பிடரி வலி, மோத்தா வலி" என்று கூவி விற்றான். மைக்செட்காரர்கள் முதலில் குழம்பினார்கள், அப்புறம் எந்த மைக்கை எப்போது ஏற்ற வேண்டும் என்று அவர்களுக்கும் கை பழகிவிட்டது. இசைத்தட்டு வந்தது, ரேடியோவில் வந்தது, கல்யாண வீடுகளில் குழாய் ஸ்பீக்கரில் வந்தது.

பாட்டின் கடைசிச் சொல் மட்டும் 'ம்' இல்லாமல் முடியும். அது எப்போதும் ஜெனோவாவின் வரி. ஆகவே கைதட்டல் முடிந்து, ரோஜா மாலை போட்டு, நாலு பேர் சூழ்ந்துகொண்டு பேசுகிற நேரத்தில் குரல் ஜெனோவாவிடம் இருக்கும். அவள் நன்றாகப் பேசுவாள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். டெல்பின் பக்கத்தில் நின்று புன்னகை செய்வாள். பத்திரிகைக்காரர்கள் மூத்தவளைச் சாது என்று எழுதினார்கள்.

ஒரே ஒரு சிக்கல், தூரம். நாகர்கோவில் சித்தி வீட்டுக்கு ஜெனோவா போனபோது குரலோடு போய்விட்டாள். அங்கே போய் அவள் எத்தனை 'ம்' போட்டும் அது அவளை விட்டு நகரவில்லை. வெள்ளிமுனையில் டெல்பின் வாயைத் திறந்து திறந்து பார்த்ததுதான் மிச்சம். திரும்பி வருகிற பஸ் உப்பாற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் போக்குவரத்து சரியானது. பிரிந்தால் அந்தப் பாலம்வரைதான் என்று தெரிந்தது. அதன் பிறகு இரண்டு பேரும் எங்கே போனாலும் ஒரே வண்டியில்தான் போனார்கள்.

பம்பாய்க் கச்சேரியில்தான் டெல்பின் அவனைப் பார்த்தாள். முன்வரிசைக்குப் பின்னால், தூணோரம் நின்றுகொண்டிருந்தான். எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் திரும்பியது, ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. குரல் ஜெனோவாவிடம் போனபோதும் அவன் டெல்பினையே பார்த்துக்கொண்டிருந்தான், மூடிய வாயோடு அவள் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வருஷ மேடையில் அவள் சும்மா நிற்பதை யாரும் பார்த்ததில்லை. அவளுக்கே கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் வந்தான். பெயர் கிறிசாந்து கொரேரா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், தாத்தா காலத்தில் நம் கடற்கரையிலிருந்து போன குடும்பம்.

"பாடாம நிக்கும்போது நீங்க என்ன நெனைப்பீங்க?" என்று டெல்பினிடம் கேட்டான்.

டெல்பின் தங்கச்சியைப் பார்த்தாள். குரல் அங்கே இருந்தது.

"எங்கக்கா பதில் சொல்லணும்னா நான் வாய மூடணும்" என்று ஜெனோவா சொல்லி, கண்ணைச் சிமிட்டி, மூடினாள்.

"கொஞ்ச நேரம் யாரும் என்னைப் பாக்க மாட்டாங்கன்னு நெனைப்பேன்" என்றாள் டெல்பின். ன் என்று முடித்தாள். அன்றைக்கு முதல்முறையாக, ஒரு கச்சேரி முடிந்து தங்கின இடம் போகும்வரை குரல் அவளிடமே இருந்தது.

சம்பந்தம் பேசி வந்தார்கள். குடும்பத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. கல்யாணம் வெள்ளிமுனையில், அன்றைக்குச் சாயங்காலமே பம்பாய் ரயில். அப்போதுதான் ஊருக்கு உறைத்தது, உப்பாற்றுப் பாலத்தை ரயில் தாண்டும்போது குரல் யாரிடம் இருக்கிறதோ அவளுக்கு அது ஆயுசுக்கும், மற்றவள் ஆயுசுக்கும் ஊமை.

மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஏலம் நின்று இந்தப் பேச்சு நடந்தது. மூத்தவள் விட்டுக்கொடுத்துவிட்டுப் போகட்டும், குடும்பம் நடத்தக் குரல் எதுக்கு, அடுப்புக்கும் பிள்ளைக்கும் பாட்டா பாடப்போறா என்றார்கள் ஒரு பக்கம். முன்பின் தெரியாத வீட்டுக்கு வாயில்லாமல் ஒரு பெண்ணை அனுப்புவதா, வயிறு வலித்தால்கூட யாரிடம் சொல்லுவாள் என்றார்கள் மறு பக்கம். எட்வின் மாஸ்டர் கருப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த ரெக்கார்டுக்கு ஒத்துக்கிட்டாச்சு. ஒருத்தி பாடுனாலும் பாட்டுத்தானே" என்றார். சந்தனமரியாள் இந்த முறை எண்ணிக்கை தவறாமல், "ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு தாயே" என்று கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"கொடுத்ததத் திருத்திக் கேக்க அங்க வழி கிடையாது போலிருக்கும்மா" என்றார் பங்குச்சாமி தொபியாஸ். அவருக்கு வேறொரு கவலை. பீடத்தின் முன்னால் மணப்பெண் சம்மதம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த 'ம்'மில் பாதி, தோழியாக நிற்கிற தங்கச்சி வாயில் போய் முடியும். "அப்போ ரெண்டு பேருமே சம்மதஞ் சொன்னதா ஆயிராதா சாமி?" என்று பிலோமி மாமி கேட்டாள். அவர் பெரிய பெரிய புத்தகங்களை எல்லாம் புரட்டிவிட்டு, "யார் வாயில தொடங்குதோ அவளுக்குத்தான் கல்யாணம்" என்று முடிவு சொன்னார். பிறகு டெல்பினைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார்.

"சம்மதம்னு சொன்னாலும் செல்லும், சம்மதிக்கிறேன்னு சொன்னாலும் செல்லும். எது சொன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். ரெண்டுல எதுன்னு நான் கேக்க மாட்டேன் மக்கா, நீ சொல்லவும் வேண்டாம்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சட்டை தைத்து வந்ததைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காளும் தங்கையும் தனியாக இருந்தார்கள். பின்பக்க ஊக்கை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள் ஜெனோவா.

"நாளைக்கு நான் என்ன சொல்லணும்?" என்றாள் டெல்பின்.

"அது உன் இஷ்டம்."

"உனக்கு மேடை வேணும்."

"உனக்கு மட்டும் வேண்டாமா? வீட்டுக்குள்ள பேசவும் ஒரு வாய் வேணும்."

"பிள்ளை பிறந்தா பேரச் சொல்லிக் கூப்பிடணும்."

"கைதட்டிக் கூப்பிடலாம்."

"அப்ப நீயும் கைதட்டியே பாடலாம்."

ஜெனோவா வாய்விட்டுச் சிரித்தாள், டெல்பின் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். ஊக்கு ஒன்று தெறித்து விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து அதைத் தேடி எடுத்து மாட்டி முடித்தார்கள். பிறகு ஜெனோவா, "சரி, இப்ப வச்சிக்கோ, காலையில உன் வாயாலதான் ஆரம்பிக்கணும்" என்று சொல்லி மூடினாள்.

கோயில் நிறைந்து வாசல்வரை ஆள். தைலக்காரன்கூட வந்திருந்தான், தைலமில்லாமல், வெள்ளைச் சட்டையில். பங்குச்சாமி மாப்பிள்ளையைக் கேட்டார், மாப்பிள்ளை சொன்னான். பெண்ணைக் கேட்டார். டெல்பின் தன் காலடியைப் பார்த்தாள். மூத்தவளாகப் பிறந்ததிலிருந்து தான் மூடிய 'ம்' எல்லாம் அவளுக்கு நினைவு வந்ததா, பேர் சொல்லிக் கூப்பிட முடியாத பிள்ளைகள் நினைவு வந்தார்களா, தெரியாது. தலையை நிமிர்த்தி அவள் சொன்னாள்.

"சம்மதம்."

உதடுகள் ஒட்டின. கோயிலில் இருந்த தலைகளெல்லாம் பழக்கத்தில் டெல்பினிடமிருந்து ஜெனோவா பக்கம் திரும்பின. குரல் போய்ச் சேர்ந்துவிட்டது. எட்வின் மாஸ்டர் மூச்சு விட்டார். சந்தனமரியாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தன் மட்டும் திரும்பாமல் டெல்பினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்குச்சாமி கையை உயர்த்தி ஆசீர் சொன்னார். எல்லா ஊரிலும் அதற்கு ஆமென் என்பார்கள். வெள்ளிமுனையில் தோணிக்காரர் வழக்கம்: தண்டல் ஒரு வார்த்தை சொன்னால் ஆட்கள் 'ஆகட்டும்' என்று ஏற்பார்கள், கோயிலிலும் அதுவே நின்றுவிட்டது. ஜனங்கள் மொத்தமும் "ஆகட்டும்" என்றார்கள். ஜெனோவா அவர்களோடு சொல்லவில்லை. எல்லாரும் சொல்லி அடங்கிய பிறகு, தனியாக, அந்தப் பாய் விரிகிற குரலில், கூரைவரை போகிற மாதிரிச் சொன்னாள்.

"ஆகட்டும்."

மூடினாள். டெல்பினின் தொண்டைக்குள் வெதுவெதுப்பாக ஏதோ வந்து உட்கார்ந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், தங்கச்சி மேலே மாதா சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள். வாய்ப்பழக்கத்தில் தவறி வந்துவிட்டது என்று பாதி ஊர் சொன்னது, இல்லை என்று மீதி ஊர் சொன்னது. எட்வின் மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு ஊரே வந்தது. பெட்டிகளை ஏற்றி, கருவாட்டுப் பொட்டலத்தை ஏற்றி, தலையணையை ஏற்றி, கடைசியில் பெண்ணை ஏற்றினார்கள். விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வாரேன் என்று சொல்ல வேண்டும். கல்யாணமானவள் அதையும் சொல்லக்கூடாது, புருஷனையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டெல்பின் வாயைத் திறந்தபோதுதான் சந்தனமரியாளுக்குத் திக்கென்றது, "ஏட்டி, முறையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வாரேன்னே சொல்லு" என்று கத்தினாள்.

"போயிட்டு வாரோம்" என்றாள் டெல்பின்.

பிளாட்பாரத்துத் தலைகள் ஜெனோவா பக்கம் திரும்பின.

"சந்தோசம்" என்றாள் ஜெனோவா.

தலைகள் ரயில் பக்கம் திரும்பின.

"அம்மாவ நல்லாப் பாத்துக்கணும்."

"அத்தானச் சமைக்கச் சொல்லி நீ சாப்பிடணும்."

விசில் ஊதியது. வண்டி அசைந்தது. ஜெனோவா கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள்.

"நீ மேடையில நிக்கணும்!"

"நீ அங்க பாடணும்!"

"நாம..." என்று தொடங்கிய டெல்பினுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னாள், "வாரோம்."

உதடுகள் ஒட்டின. இந்த முறை ஜெனோவா வாயைத் திறக்கவில்லை. பிளாட்பாரத்தின் கடைசியில், வேலிக்கம்பி தடுத்த இடத்தில் நின்று, அந்த 'ம்'மை வாங்கி, எடுக்காமல், மூடிய வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற ரயிலில் டெல்பினும் திறக்கவில்லை. எடுத்தால் தனக்கு, எடுக்காவிட்டால் அவளுக்கு என்று இரண்டு பேரும் எடுக்காமல் இருந்தார்கள். மேடையில் கண்ணிமைக்கும் நேரம் மட்டுமே இரண்டு வாயிலும் இருந்த அந்த 'ம்' இப்போது ரயில் போகப் போக நீண்டது, உப்பளத்தின் மேல் நீண்டது, உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள், தந்திக்கம்பியில் இருந்த குருவிகள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன, பெரிய மீன் விழுந்த தூண்டில் நரம்பு போல அது மெலிந்து விறைத்து இழுபட்டுக்கொண்டே போய், உப்பாற்றுப் பாலத்தின் இரும்புகள் தடதடத்தபோது அறுந்தது.

"தண்ணி வேணுமா?" என்று கிறிசாந்து கேட்டான்.

டெல்பின் வாயைத் திறந்தாள்.

"வேணும்" என்றாள். மூடினாள். போய்விடும் என்று காத்திருந்தாள். மறுபடி திறந்து, "வேணும்" என்றாள். இருந்தது. அந்தப் பாய் விரிகிற குரல் இல்லை அது, ஈர மணலில் ஓலைப்பாயை இழுக்கிற மாதிரி கரகரவென்று, தெருவில் யாரும் நின்று கேட்காத ஒரு குரல். கிறிசாந்து தலையைத் திருப்பவில்லை. கூஜாவின் மூடியைத் திருகித் திறந்து தண்ணீர் ஊற்றினான்.

அதே நேரம் ஸ்டேஷனில் ஜெனோவா, "வீட்டுக்குப் போவோம்" என்றாள், கீச்சென்று, தகரத்தில் ஆணி சறுக்கின மாதிரி. கூட்டத்தில் ஒருத்தரும் நகரவில்லை. அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போவோம்னு சொன்னேன்ல?" என்றாள். சந்தனமரியாள் அந்த இடத்திலேயே முழங்கால் போட்டு, "ஆளுக்கொண்ணு" என்றாள்.

எட்வின் மாஸ்டர் ஒரு நாள் வந்து ஜெனோவாவைப் பாடச் சொல்லிக் கேட்டார், காப்பியைக் குடித்தார், போய்விட்டார். ஒரு திருவிழா முழுக்க ஊர் அதைப் பேசி வருத்தப்பட்டது, அடுத்த திருவிழாவில் மறந்தது. ஜெனோவா நல்லதாக இரண்டு மைக் வாங்கி, 'மோத்தா சவுண்ட் சர்வீஸ்' என்று போர்டு போட்டு, கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் அவளே மேடையேறி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அந்தக் கீச்சுக் குரலில் தொடங்கிவைத்தாள். பழைய இசைத்தட்டைப் போடச் சொல்லி யாராவது கேட்டால் போடுவாள். ஒவ்வொரு 'ம்'மிலும் இரண்டு குரல் கேட்கும்.

பம்பாயில் டெல்பின் குடியிருந்த கட்டடத்தில் மாடிக்கு ஒரு குழாய். காலையில் பாத்திரத்தோடு பெண்கள் வரிசையில் உட்கார்ந்து தேய்ப்பார்கள். தேய்க்கும்போது அவளுக்குப் பாட்டு வரும். பிள்ளைகளைப் பேர் சொல்லி அதட்டிக்கொண்டே, அந்தக் கரகரத்த குரலில், தூரத்தில் ஒரு துறைமுகம் என்று பாடுவாள், பாடி மூடிவிட்டு நிற்பாள், பிறகுதான் அடுத்த வரி வரும்.

"எதுக்கு அக்கா ஒவ்வொரு வரிக்கும் நிக்கிறீங்க?" என்று பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த சேலத்துக்காரி கேட்டாள்.

"பழக்கம்" என்றாள் டெல்பின்.

வாயை மூடி, யாருக்கோ வழிவிடுகிற மாதிரி ஒரு கணம் இருந்துவிட்டு, அடுத்த வரியைத் தானே எடுத்தாள்.